பழைய வயலின் வாங்கும்போது: மூன்று வகைகளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பழைய வயலின் தேடுபவர் கையில் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் மூன்று வகைக் கருவிகள். முதலாவது, 1880 முதல் 1930 வரையிலான காலத்தில் ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஷென், அதன் எல்லைக்கு அப்பால் ஷான்பாக் (இன்று செக் நாட்டின் லூபி) வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு பாகமாகச் செய்து, மொத்த வியாபாரிகள் சேர்த்து விற்ற வயலின். இதைச் சாக்சன் வயலின் என்றே குறிப்பிடுவோம். இரண்டாவது, ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சின் மிர்கூர் பட்டறைகளில் செய்தது. மூன்றாவது, அண்மைக் காலத்தில் சீனப் பட்டறை ஒன்றில் செய்து, ஒருவர் சில ஆண்டுகள் வாசித்துவிட்டு விற்பது. மூன்றும் ஏறக்குறைய ஒரே விலைக்குக் கிடைக்கும்போதுதான் எதை எடுப்பது என்ற தடுமாற்றம் வருகிறது.

மூன்றையும் வாசித்துப் பார்த்து, காதுக்கு இனிமையானதை எடுத்துக்கொள்வதுதான் பலரும் செய்வது. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த நேரத்தில் கேட்கும் நாதத்தில் தந்திக்கும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கும், உள்ளே இரு பலகைகளுக்கும் நடுவே நிற்கும் சிறு கட்டையான சவுண்ட் போஸ்ட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. இவை மூன்றையும் ஒரு பிற்பகலில் மாற்றிவிடலாம். பலகையின் கனம், வளைவு, மரம், கழுத்தின் கோணம் ஆகியவற்றை அப்படி மாற்ற முடியாது. ஆகவே உடலை முதலில் பாருங்கள், நாதத்தைப் பிறகு கேளுங்கள். கேட்கும்போதும் மாற்றக்கூடிய குறை எது, மாற்ற முடியாத குறை எது என்று பிரித்துக் கேளுங்கள்.

லேபிள்

மேற்பலகையில் f வடிவில் வெட்டிய எஃப் துளை வழியே ‘அன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ்’ என்ற பெயர் தெரிந்தால் அது எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதைத்தான் சொல்கிறது. 1737-இல் இறந்த புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரியின் லேபிளை நகலெடுத்து லட்சக்கணக்கான வயலின்களில் ஒட்டியிருக்கிறார்கள். அதே காகிதத்தின் அடியில் இருக்கும் சிறிய எழுத்து அதைவிடப் பயன்படும். அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. எனவே ‘ஜெர்மனி’ என்று அச்சிட்ட லேபிள் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது. ‘செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருந்தால் 1918-க்குப் பிந்தையது. ‘மேற்கு ஜெர்மனி’ என்றிருந்தால் 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. லேபிளில் 1721 என்றும் அதன் கீழே ஜெர்மனி என்றும் இருந்தால் இரண்டாவதை நம்புங்கள்.

வயது கூடினால் நாதம் கூடும் என்று விற்பவர் சொன்னால் அதற்கும் தனி விலை கொடுக்க வேண்டாம். 2010-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஆய்வாளர் கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் 21 வாசிப்பாளர்களுக்குக் கண்ணை மறைத்து மூன்று புதிய வயலின்களையும், ஸ்ட்ராடிவாரி, குவர்னேரி செய்த மூன்று பழையவற்றையும் கொடுத்தார்கள். எது பழையது என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. அதிகம் பேர் விரும்பியது புதிய ஒன்றை. அந்தத் தரத்திலேயே வயது உதவவில்லை என்றால், ஆயிரக்கணக்கில் செய்து தள்ளிய வயலினில் அது உதவும் என்று நம்பக் காரணமில்லை.

உடலைப் படிப்பது

சிறிய வளைகழுத்து டார்ச் ஒன்று, பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி ஒன்று, மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்று போதும். எஃப் துளை வழியே கண்ணாடியை நுழைத்து முதலில் மூலைகளைப் பாருங்கள். நான்கு மூலைகளிலும் உள்ளே கட்டைகள் இருக்க வேண்டும். சாக்சன் வயலின்களில் பலவற்றில் அவை இல்லை. சிலவற்றில் துளை வழியே பார்ப்பவருக்குக் கட்டை இருப்பதுபோல் தெரிய மெல்லிய மரத்துண்டை ஒட்டியிருப்பார்கள். மூலைக் கட்டை இல்லாததால் மட்டும் நாதம் கெடாது. பக்கப் பலகைகள் மூலையில் பிரிந்து வருவதும், அவ்வப்போது ஒட்ட வேண்டியிருப்பதும்தான் அதன் விளைவு. ஆனால் கட்டையை மிச்சம் பிடித்தவர் வேறு எங்கெல்லாம் மிச்சம் பிடித்திருப்பார் என்பதற்கு அது நல்ல குறிப்பு.

அடுத்தது பேஸ் பார். தடித்த தந்தியின் பக்கம், மேற்பலகையின் உட்புறத்தில் நீளவாக்கில் ஓடும் ஏறத்தாழ 27 செ.மீ. நீளக் கட்டை அது. நல்ல வயலினில் அதைத் தனியாகச் செதுக்கி ஒட்டியிருப்பார்கள்; இரண்டுக்கும் நடுவே இணைப்புக் கோடு தெரியும். மலிவான சாக்சன் வயலினில் மேற்பலகையைக் குடையும்போதே ஒரு மேட்டை விட்டு அதையே பேஸ் பார் ஆக்கியிருப்பார்கள். உளியின் கரடுமுரடான தடம் உள்ளே அப்படியே இருக்கும், பலகையும் நடுவில் தேவைக்கு மேல் தடித்திருக்கும். இத்தகைய வயலினில் கீழ்ச் சுரங்கள் அடைத்துக்கொண்டு ஒலிப்பது இதனால்தான். மேற்பலகையைத் திறந்து, கனத்தைக் குறைத்து, புதிய பார் பொருத்தினால் மாற்றம் தெரியும். அந்த வேலைக்கு ஆகும் செலவு பல நேரம் வயலினின் விலையையே தாண்டும்.

மிர்கூர் வயலினில் வேலை சீராக இருக்கும். மூலைக் கட்டைகள் பெரும்பாலும் உண்மையானவை. ஸ்க்ரோலின் (தலையில் சுருண்டிருக்கும் பகுதி) விளிம்பைக் கறுப்பாகத் தீட்டியிருப்பது அந்த ஊர்ப் பழக்கம். அங்கு கவனிக்க வேண்டியது பலகையின் வளைவு. மலிவு ரகங்கள் சிலவற்றில் பலகையைச் செதுக்காமல் சூடாக்கி அழுத்தி வளைத்தார்கள். அப்படிச் செய்த மேற்பலகை தந்தியின் அழுத்தத்தில் ஆண்டுகள் போகப் போகப் பிரிட்ஜின் கீழ் அமுங்கலாம். வயலினைக் கண் மட்டத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்; வளைவு ஒரே ஓட்டமாக ஏறி இறங்க வேண்டும். பிரிட்ஜின் தடித்த தந்திப் பக்கக் கால் நிற்கும் இடம் குழிந்தும், எஃப் துளையின் ஒரு விளிம்பு மற்றதைவிடத் தாழ்ந்தும் இருந்தால் பலகை அமுங்கியிருக்கிறது.

சீனப் பட்டறை வயலினில் மூலைக் கட்டை, தனி பேஸ் பார், செதுக்கிய பலகை எல்லாம் வழக்கமாக ஒழுங்காகவே இருக்கும். அங்கே குறை வந்தால் மரம் போதுமான அளவு காயாததால் வரும். தந்திகளின் கீழே விரல் பதியும் ஃபிங்கர் போர்டு முறுக்கிக்கொள்ளும், கழுத்து தாழும், ஓரங்கள் பிரியும். இவை பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே வெளிப்பட்டுவிடும். இந்த வகையில் புதியதைவிட ஐந்தாறு ஆண்டு வாசித்த வயலினை வாங்குவது நல்லது என்று சொல்வதற்கு அதுவே காரணம். கெட வேண்டியது கெட்டிருந்தால் கண்ணில் படும், படவில்லை என்றால் மரம் அடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

மூன்று வகைக்கும் பொதுவாகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. விளிம்பிலிருந்து ஏறத்தாழ 4 மி.மீ. உள்ளே ஓடும் மூன்று இழைக் கோடு (பர்ஃப்ளிங்) பதித்ததா, வரைந்ததா? பதித்திருந்தால் மூலையில் இழைகள் கூராகச் சந்திக்கும், தேய்ந்த இடத்திலும் கோடு அழியாது. அதற்கு வேலையும் இருக்கிறது: விளிம்பில் தொடங்கும் விரிசலை உள்ளே ஓடவிடாமல் தடுப்பது அதுதான். பின்பலகையின் வரியோட்டம் உள்ளேயும் அதே இடத்தில் தெரிகிறதா? தெரியாவிட்டால் வரி தீட்டியது, அல்லது பலகை ஒட்டுப்பலகை. எஃப் துளையின் வெட்டு விளிம்பில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தாலும் ஒட்டுப்பலகைதான். அதை மேலும் பரிசீலிக்க வேண்டாம். ஃபிங்கர் போர்டு கருங்காலியா என்று அறிய அதன் அடிப்புறத்தைப் பாருங்கள். சாயம் பூசிய வெளிர்மரம் அங்கே வெளுத்துத் தெரியும். வெளிர்மரப் போர்டில் தந்திகள் விரைவில் பள்ளம் போடும்.

வார்னிஷின் பளபளப்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். தேய்மானம் மட்டும் கொஞ்சம் சொல்லும். நிஜமான தேய்மானம் உள்ளங்கை படும் மேல் வலப்புறத் தோளிலும், தாடை படும் இடத்திலும், விளிம்புகளிலும் இருக்கும். கை போகாத இடத்திலும் இருபுறமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அது பட்டறையிலேயே தேய்த்தது. அது குறையல்ல, வயதுக்குச் சான்றாக மட்டும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

விரிசல்கள்: எதை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது

விரிசல் இருந்தால் வயலின் வீண் என்பதும் தவறு, ஒட்டிவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. எல்லாம் விரிசல் ஓடும் இடத்தைப் பொறுத்தது.

ஓரம் பிரிந்திருப்பது விரிசலே அல்ல. வயலினின் பலகைகளை விலங்குப் பசையால் ஒட்டுவதே, மரம் சுருங்கும்போது பலகை பிளக்காமல் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். விரல் மூட்டால் விளிம்பைச் சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். திடமான ஒலி ஓரிடத்தில் தளர்ந்து சடசடத்தால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது. மீண்டும் ஒட்டுவது சிறிய வேலை. ஆனால் முன்பு யாரோ அங்கே வெள்ளைப் பசையோ எபாக்சியோ போட்டிருந்தால் நிலைமை வேறு. அடுத்த முறை திறக்கும்போது மரம்தான் கிழியும்.

எஃப் துளையின் நுனியிலிருந்து ஓடும் விரிசல், தாடைத் தாங்கியின் பக்கம் சேடிலில் (மேற்பலகையின் அடி விளிம்பில் பதித்த சிறு கட்டை) தொடங்கும் விரிசல் ஆகியவை, உள்ளே சிறு மரத்தகடுகள் வைத்து ஒழுங்காக ஒட்டியிருந்தால் பல்லாண்டுகள் தாங்கும். விலையைக் குறைத்துக் கேட்க அவை போதும், வயலினை ஒதுக்கப் போதாது. பிருடைப் பெட்டியில், குறிப்பாக ஏ தந்தியின் (தடித்ததிலிருந்து மெல்லியது வரை தந்திகள் ஜி, டி, ஏ, ஈ) பிருடைத் துளையிலிருந்து ஓடும் விரிசல் சற்றுக் கடினமானது. பிருடையை இறுக்கும்போதெல்லாம் அது விரியும்.

பேஸ் பார் ஓடும் கோட்டிலேயே மேற்பலகை வெடித்திருந்தால், நல்ல கைவினைஞர் பார்த்துச் சொல்லாமல் வாங்கக் கூடாது. சவுண்ட் போஸ்ட் நிற்கும் இடத்தில் பின்பலகை வெடித்திருந்தால் வாங்கவே வேண்டாம். ஈ தந்தியின் பக்கம் பிரிட்ஜ் கடத்தும் அழுத்தத்தின் பெரும்பகுதி அந்தச் சிறு கட்டை வழியே பின்பலகையின் ஒரு புள்ளியில்தான் இறங்குகிறது. அங்கே வெறும் ஒட்டு தாங்காது. உள்ளே குடைந்து புதிய மரம் பதிக்க வேண்டும், அதன் பிறகும் வயலினின் மதிப்பு பெரிதும் குறைந்தே இருக்கும். மேற்பலகையின் போஸ்ட் விரிசலும் பெரிய பழுதுதான். பின்பலகையினுடையது அதைவிட மோசம். பழைய சாக்சன் வயலின் விலை மலிந்து கிடைத்தால் முதலில் டார்ச் அடிக்க வேண்டிய இடம் இது.

மரத்தில் ஊசித்துளைகள் தெரிந்தால் பூச்சி தின்றிருக்கிறது. வெளியே இரண்டு துளை, உள்ளே நீண்ட சுரங்கமாக இருக்கலாம். துளையைச் சுற்றிப் புதிய மாவு உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. வீட்டில் வேறு வயலின் இருப்பவர் அதை உள்ளே கொண்டுபோகவே கூடாது.

அளவுகளும் கழுத்தும்

முழு அளவு வயலினின் உடல், கழுத்தடிப் பொத்தானை (பின்பலகையிலிருந்து கழுத்தடிக்கு நீளும் சிறு நாக்கு) சேர்க்காமல், ஏறத்தாழ 355 மி.மீ. இருக்கும். 345-ஐ ஒட்டி வந்தால் அது எட்டில் ஏழு (7/8) எனப்படும் சிறிய அளவு. முழு அளவு என்று விற்கப்படுவது உண்டு. நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் தந்திகள் தாண்டும் சிறு கட்டை) பிரிட்ஜ் வரை தந்தி நீளம் 325 முதல் 330 வரை சரி. இதில் நட்டிலிருந்து மேற்பலகை விளிம்பு வரை 130, விளிம்பிலிருந்து பிரிட்ஜ் வரை 195 என்ற இரண்டுக்கு மூன்று விகிதம் இருக்க வேண்டும். பழைய வயலின்களில் கழுத்து நான்கைந்து மில்லிமீட்டர் குட்டையாக இருப்பதைக் காணலாம். அதில் பழகிய விரல் வேறு வயலினில் மேல் நிலைகளுக்குப் போகும்போது சுரம் தப்பும்.

அதைவிட முக்கியம் கழுத்தின் கோணம். நேர்ப்பட்டை ஒன்றை ஃபிங்கர் போர்டின் மீது வைத்து பிரிட்ஜ் வரை நீட்டினால், அது பிரிட்ஜைத் தொடும் இடம் மேற்பலகையிலிருந்து 27 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். 24, 25-க்குக் கீழே போனால் கழுத்து தாழ்ந்துவிட்டது. அப்போது ஒன்று, தந்தி போர்டிலிருந்து எட்ட நின்று விரலை வருத்தும். அல்லது யாரோ பிரிட்ஜைக் குட்டையாக வெட்டி அதை மறைத்திருப்பார்கள். குட்டைப் பிரிட்ஜில் மேற்பலகையின் மீது அழுத்தம் குறைந்து நாதம் சோர்ந்துவிடும். நல்ல வயலின் மந்தமாக ஒலிக்க இதுவும் ஒரு காரணம். கழுத்தைக் கழற்றிச் சரியாகப் பொருத்துவது பெரிய வேலை. செலவை முன்பே கேட்டுவிடுங்கள். போர்டின் முனையில் தந்தியின் உயரம் ஈ தந்திக்கு 3 முதல் 3.5, ஜி தந்திக்கு 5 முதல் 5.5 மி.மீ. இருந்தால் சரி.

நாதத்தைக் கேட்பது

முதலில் மூன்றையும் ஒரே நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரே வில், வில்லில் தேய்க்கும் ஒரே ரோசின் (பிசின்), ஒரே சுருதி. நீங்கள் வாசிக்கப்போகும் சுருதியிலேயே கூட்டுங்கள். தந்தியின் இழுவிசை மாறினால் வயலின் பதில் சொல்லும் விதமும் மாறும். மேல் சுருதியில் துள்ளும் கருவி கீழ்ச் சுருதியில் தளர்ந்து போகலாம். ஒவ்வொன்றிலும் எந்தத் தந்தி, எவ்வளவு பழையது என்று குறித்துக்கொள்ளுங்கள். எஃகுத் தந்தி போட்ட வயலினையும் செயற்கை இழைத் தந்தி போட்டதையும் அப்படியே ஒப்பிட்டால் தந்திகளைத்தான் ஒப்பிடுகிறீர்கள். பிரிட்ஜ் முன்பக்கம் சாயாமல் நிற்கிறதா, சவுண்ட் போஸ்ட் ஈ தந்திப் பக்கக் காலுக்கு 2, 3 மி.மீ. பின்னால் செங்குத்தாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திறந்த தந்தியில் நீண்ட கார்வையோடு தொடங்குங்கள். வில்லைப் பிரிட்ஜுக்கு அருகில் வைத்து, மெதுவாக இழுத்தபடி எடையைக் கூட்டிக்கொண்டே போங்கள். நல்ல வயலின் கூடக் கூடக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பலகை மெலிந்த வயலின் முதலில் பெரிதாக ஒலித்து, ஓர் எல்லைக்கு மேல் தட்டையாகிக் கரகரக்கும். யாரோ நாதத்தைக் கூட்ட நினைத்து உள்ளே சுரண்டிய பழைய வயலின்கள் இப்படித்தான் ஏமாற்றும். கடையில் ஐந்து நிமிடம் வாசித்தால் அதுதான் இருப்பதிலேயே சிறந்ததாகத் தோன்றும். சுரண்டிய மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒரே விரலால், நட்டிலிருந்து போர்டின் கடைசிவரை மெதுவாக வழுக்கிக்கொண்டு போங்கள். வில்லின் வேகத்தையும் எடையையும் மாற்றாதீர்கள். எங்காவது ஒலி திடீரென வற்றினாலோ, பெருத்தாலோ, நடுங்கி இரண்டாகப் பிளந்தாலோ அந்த இடத்தைக் குறியுங்கள். ஜி தந்தியில் ஒரு ஸ்தாயிக்கு மேலே பி, சி சுரங்களுக்கு அருகில் கொஞ்சம் நடுக்கம் பல நல்ல வயலின்களிலும் உண்டு. அது கீழ் நிலைகளிலேயே வந்தால் தினமும் தொல்லை. அடுத்து ஒரே சுரத்தை இரண்டு தந்தியில் வாசியுங்கள்: ஜி தந்தியில் நான்காம் விரல் டி, பிறகு திறந்த டி தந்தி. நிறம் கொஞ்சம் மாறலாம். வேறொரு வயலினுக்குத் தாவியதுபோல் இருக்கக் கூடாது.

மெல்லிய வாசிப்பைப் பலரும் சோதிப்பதில்லை. வில்லின் எடை மட்டும் படும்படி, கேட்கும் அளவின் விளிம்பில் வாசித்துப் பாருங்கள். சுரம் உடனே பிறக்கிறதா, முதலில் காற்றுச் சீறலா? வேகமான சிறு வில் அடிகளிலும் அதே கேள்விதான். தாமதமாகப் பதில் சொல்லும் வயலின் வாசிப்பவரின் வலக்கையைக் கெடுக்கும், பழகுபவருக்கு இன்னும் அதிகமாக.

காதருகே உரத்து ஒலிப்பது தூரத்தில் எட்டும் என்பதில்லை. வேறொருவரை வாசிக்கச் சொல்லி, ஏழெட்டு மீட்டர் தள்ளி, முதுகைக் காட்டி உட்காருங்கள். எது என்று சொல்லாமல் ஒன்று, இரண்டு, மூன்று, பிறகு மூன்று, இரண்டு, ஒன்று என்று வாசிக்கட்டும். கைப்பேசியில் பதிந்து ஒப்பிட வேண்டாம். அது ஒலியளவைத் தானே சமப்படுத்தி, நீங்கள் தேடும் வித்தியாசத்தையே அழித்துவிடும்.

கேட்ட குறைகளை இப்போது பிரியுங்கள். ஈ தந்தி மட்டும் கீச்சிடுவது, ஒரு பக்கம் மட்டும் ஓங்கி மறுபக்கம் அடங்குவது, பொதுவான கூர்மை, பழைய தந்தியின் மங்கல் இவை போஸ்ட்டையும் தந்தியையும் சரிசெய்தால் பெரும்பாலும் மாறும். போஸ்ட்டை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலே காது உணரும். பிரிட்ஜுக்கு நெருங்கினால் ஒலி இறுகித் துலங்கும், விலகினால் மென்மையாகித் தளரும். எல்லாத் தந்தியிலும் மூக்கால் பேசுவது போன்ற ஒலி, எடை கூட்டினால் உடைவது, அடைத்த கீழ்ச் சுரம் ஆகியவை உடலிலிருந்து வருபவை.

எதை எடுப்பது

கழுத்துக் கோணம் சரியாகவும், மேற்பலகை அமுங்காமலும் இருந்தால் மிர்கூர் வயலினுக்கே முதலிடம். செதுக்கிய பலகையுள்ள மிர்கூர் நம்பகமாக வேலை செய்யும், பின்னாளில் விற்பதும் எளிது. சாக்சன் வயலின்களில் நல்லதுக்கும் மோசத்துக்கும் இடைவெளி மிகப் பெரியது. மூலைக் கட்டையும் தனி பேஸ் பாரும் இருந்து, போஸ்ட் விரிசல் இல்லாத ஒன்று கிடைத்தால் அதன் வெதுவெதுப்பான கீழ்ச் சுரங்களுக்காகவே எடுக்கலாம். அந்த மூன்றில் ஒன்று தவறினாலும் அதே விலைக்குச் சீனப் பட்டறை வயலின்தான் மேல். முதல் வயலின் வாங்கும் மாணவருக்கு எப்படியானாலும் நாம் சொல்வது சீனப் பட்டறை வயலினையே. அதற்குப் பழுது குறைவு, அளவுகள் துல்லியம். புதிய தந்தியும் சரியாக வெட்டிய பிரிட்ஜும் போட்டால் அதன் கூச்சல் கணிசமாகக் குறையும்.

நலமான உடலோடு மந்தமாக ஒலிக்கும் ஒன்றும், பழுதோடு அழகாக ஒலிக்கும் ஒன்றும் எதிரெதிரே நின்றால் முதலாவதை எடுத்து, சீரமைக்கும் செலவையும் விலையில் சேர்த்துக் கணக்கிடுங்கள். அந்தச் செலவு வயலின் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் இரண்டையும் விட்டுவிட்டுத் தேடலாம்.

கூடவே வரும் வில்லை விலையில் சேர்க்காதீர்கள். ஒரு கண்ணை மூடி அதன் நீளத்தில் பார்த்து நேராக இருக்கிறதா, தலைப்பகுதியில் மயிரிழை விரிசல் உண்டா என்று மட்டும் பாருங்கள். எடை 60 கிராமை ஒட்டி இருக்கட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள். முதல் நாள் சுருதி கூட்டியபின் பிருடைகள் நழுவுகின்றனவா, நான்காவது நாள் தந்தியின் உயரம் கூடியிருக்கிறதா, ஓரத்தில் புதிதாகச் சடசடப்பு வந்ததா என்று குறித்துவாருங்கள். உயரம் அந்தச் சில நாளிலேயே அரை மில்லிமீட்டர் ஏறினால் கழுத்தடி ஒட்டு விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். தந்திகளைத் தளர்த்தி, பிரிட்ஜ் சாயாமல் நுரைப்பஞ்சு வைத்து, அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.